இரண்டு பேரைக் கட்டிப்பிடித்த ஞாயிற்றுக்கிழமை

பொறாமை வயிற்றில் எரியும் என்பார்கள். எனக்கு முழங்காலில்தான் வரும். தொழில் அப்படி, பேஸ்பால் ஆட்டக்காரன். மட்டையடிப்பவனுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். கேட்சர் என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். நெப்ராஸ்காவில் சோளம் போடும் என் அப்பா அதை வேறு மாதிரி சொல்வார்: "பன்னெண்டு வருஷமா சம்பளம் வாங்கிக்கிட்டுக் குந்திக்கிட்டு இருக்கான்."

எங்கள் அணிக்கு மார்லோ நீர்எலிகள் என்று பெயர். மார்லோவில் யாரும் நீர்எலியைப் பார்த்ததில்லை. ஊர் ஜனங்களிடம் பெயர் கேட்டுப் போட்டி வைத்தபோது இரண்டாவதாக வந்தது 'வறுத்த வெங்காயங்கள்'. அதற்கு இது தேவலை. ஏரிக்கரை நகரத்தில் இருக்கும் பெரிய அணிதான் எங்களுக்கு எஜமான். சம்பளம், காலுறை, தலையெழுத்து எல்லாம் அங்கிருந்துதான் வரும். நாங்கள் அவர்களுடைய நாற்றங்கால். அங்கே ஒரு பயிர் வாடினால் இங்கிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய் நடுவார்கள். நான் நாற்றங்காலிலேயே நின்று கதிர் தள்ளி, முற்றி, லேசாகச் சாயவும் ஆரம்பித்துவிட்டவன். பெயர் லைல் ப்ருசாக். கூப்பிடுவது ப்ரூ. வயது முப்பது. மேலே போய் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

டாசன் ஸ்டோவால் ஏப்ரலில் வந்து சேர்ந்தான். டெக்சஸ்காரன், இருபத்திரண்டு வயது, அவனும் கேட்சர். ஒரு உறையில் இரண்டு கத்தி. அதில் ஒன்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற கத்தி; எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் என் பிழைப்பு சுலபமாகியிருக்கும். பேருந்திலிருந்து இறங்கினால் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடப்பான். என்னைச் 'சார்' என்பான். டெக்சஸில் அப்படித்தான் வளர்ப்பார்களாம், வயதானவர்களுக்கு மரியாதை. அவன் சிரித்தால் பல் வைத்தியர்கள் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மட்டைகள் மேப்பிள் மரத்தில் அவன் கைக்கென்றே கடைந்தவை. கறுப்புப் பூச்சு, தங்க எழுத்தில் பெயர். என் மட்டை சாமான் அறைத் தொட்டியில் கிடந்தது. அதிலும் பெயர் பொறித்திருக்கும்: ஆர். பிக்ஃபோர்ட். யார் அந்த பிக்ஃபோர்ட் என்று மார்லோவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் அவரை நினைத்தால் பயமாக இருக்கும்.

ஒருநாள் வேலியோரம் நின்ற ஒரு அம்மாள் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டாள். கையெழுத்துக்குத்தான் என்று பேனாவோடு ஓடினேன். செல்போனை என் கையில் வைத்து, "டாசனோட என்னை ஒரு போட்டோ எடுங்க தம்பி" என்றாள். எடுத்தேன். வேண்டுமென்றே அவன் தலையைப் பாதி வெட்டி எடுத்தேன். பாதித் தலையோடும் நன்றாகத்தான் இருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மதிய ஆட்டம். உடைமாற்றும் அறைத் தொலைக்காட்சியில் மேலே ஆடிக்கொண்டிருந்தவர்களின் ஆட்டம் ஓடியது. பெரிய அணியின் கேட்சர் கார்மோடியின் வெறுங்கையில் பந்து உரசிப் போனது. அவன் கையுறையைக் கீழே போட்டான். வைத்தியர் வந்து விரலைத் தொட்டதும் துள்ளினான். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நடந்தான்.

வான்கோழி சாண்ட்விச்சை வாய்க்கு அருகில் கொண்டு போனவர்கள் அப்படியே வைத்துக்கொண்டு முதலில் டாசனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயத்தை வாய்விட்டுச் சொன்னால் நடக்காமல் போய்விடும் என்பது எங்கள் வேதம்.

"வான்கோழி இன்னிக்கு கொஞ்சம் காஞ்சு போயிருக்கு, இல்ல?" என்றான் நெஃப்டாலி ரொசாரியோ. டொமினிக்கன் நாட்டுப் பிட்சர். வருடக்கணக்காக அவன் வீசுவதை நான் பிடிக்கிறேன். அவன் ரகசியத்தில் பாதி எனக்குத் தெரியும். மீதி அவன் மனைவிக்குத் தெரியும்.

"ஆமா, காஞ்சுதான் போச்சு," என்றார்கள் எல்லோரும், ஜபம் போல.

வாயால்தான் பேசவில்லை. மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. கார்மோடி விரல் ஆற இரண்டு வாரம் ஆகும். மேலே இன்னொரு கேட்சர் இருக்கிறார், அவர் ஆடுவார். இங்கிருந்து போகிறவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தினமும் ஆடி வளர வேண்டிய பிள்ளையைப் பெஞ்சில் வைத்து வீணாக்குவார்களா? பெஞ்சுக்கு ஒரு கிழட்டு முழங்கால் போதாதா? உட்காருவதில் எனக்கு இருக்கும் அனுபவம் நாட்டில் எத்தனை பேருக்கு இருக்கும்?

இந்த அக்டோபரோடு போதும் என்று என் மனைவி மார்னியிடம் சொல்லியிருந்தேன். அவள் அண்ணன் டயர்க் கடை வைத்திருக்கிறான். குனிந்து நிமிர்கிற வேலைதான், பழக்கமானது. ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் மேலே போய் உட்கார்ந்துவிட்டால், பிறகு டயர் மாட்டும்போது யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். அப்பாவும் வருவார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் கிளம்பியபோதே அவர் வாசலில் நின்று சொல்லிவிட்டார்: "மேல போனதும் சொல்லு. வந்து பாக்கறேன்." சொன்ன சொல் மாறாதவர். இன்றுவரை வந்து பார்த்ததில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. நான் கேட்சர், டாசனுக்கு அன்று மட்டையடிக்கும் வேலை மட்டும். முதல் இன்னிங்ஸில் அவன் அடித்த பந்து வேலியைத் தாண்டி, கார் நிறுத்துமிடத்தையும் தாண்டிப் போனது. அடித்துவிட்டு, யாருக்கோ தொந்தரவு கொடுத்துவிட்டவன் போல நாலு தளங்களையும் அடக்கமாகச் சுற்றி ஓடி வந்தான். அந்த அடக்கம்தான் எனக்குத் தாங்காது. வரிசையில் கடைசி ஆளான நான் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் காற்றை மட்டும் நன்றாக அடித்துவிட்டு வந்தேன். ஐந்தாவது இன்னிங்ஸின் கடைசி அவுட் நான்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

ஆறாவதில் எதிரணியை அடக்கிவிட்டு, நாங்கள் மட்டையடிப்பதற்காக உள்ளே வந்தோம். மேனேஜர் ஹெக்டர் ஓல்மேடா பெஞ்சுக்குப் பின்னால் இருக்கும் நடையில் போன் பேசிவிட்டு வந்தார். ஸ்கிப்பர் என்போம். வார்த்தைகளைச் சொந்தக் காசு போட்டு வாங்குகிறவர் மாதிரிதான் பேசுவார்.

"ப்ரூ, கவசத்தைக் கழட்டு. கொஞ்சம் உக்காரு."

எங்கள் பிழைப்பில் இதற்கு இரண்டே அர்த்தம். காயமில்லாதவனை ஆட்டத்தின் நடுவில் உட்காரச் சொன்னால், ஒன்று அவனை வேறு அணிக்கு விற்றாயிற்று, இல்லை மேலே கூப்பிட்டாயிற்று. அடிபடாமல் பத்திரமாக அனுப்ப வேண்டும் அல்லவா. என் முழங்காலை யாரும் விலை கொடுத்து வாங்கப் போவதில்லை. ஆக, மேலே.

நெஃப்டாலிதான் முதலில் பாய்ந்தான். "கெழவா! டேய் கெழவா! நான் அப்பவே சொன்னேன்ல?"

"நீ ஒண்ணும் சொல்லலியேடா. வான்கோழி காஞ்சு போச்சுன்னே."

"மனசுக்குள்ள சொன்னேன்டா!" என்று கட்டிப்பிடித்து, என் தோளில் மூக்கைத் துடைத்தான். அழுதுகொண்டிருந்தான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். முதுகில் அறைந்தார்கள், தலையில் குட்டினார்கள். என் பெயர் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகமிருந்த ஒரு புதுப் பையன்கூடக் கட்டிப்பிடித்தான். டாசனும் வந்தான். வரிசையில் மூன்றாவது ஆள் என்பதால் ஹெல்மெட்டோடு தயாராக நின்றவன், மட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு இறுக்கிப் பிடித்தான்.

"உங்களுக்குத்தான் வரணும்னு வேண்டிக்கிட்டேன் சார். சத்தியமா."

எனக்கு அவன் மேல் அப்படியொரு பாசம் பொங்கியது. ஜெயித்தவனுக்குத் தாராள மனசு சுலபமாக வரும். மூன்று மாத எரிச்சல் போன இடம் தெரியவில்லை. "உனக்கும் நேரம் வரும் தம்பி," என்று அவன் கன்னத்தில் தட்டினேன். மெதுவாக, இரண்டு முறை, பெரிய மனுஷன் போல. அந்தத் தட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

முகமூடியையும் மார்புக் கவசத்தையும் வீசிவிட்டு உள்ளே ஓடினேன். கால் கவசத்தைக் கழற்ற எங்கே பொறுமை? லாடம் கட்டிய குதிரை போல நடை முழுக்கக் கடகடவென்று சத்தம். லாக்கரிலிருந்து போனை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் மார்னி என் அப்பா வீட்டில் மதியச் சாப்பாட்டில் இருந்தாள்.

"மார்னி, என்னை நடுவுல வெளிய எடுத்துட்டாங்க!"

"ஐயோ, முழங்காலா?"

"முழங்கால் நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கும்போதே எடுத்துட்டாங்க!"

விளையாட்டுக்காரன் பெண்டாட்டிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்தப் பக்கம் ஒரு அலறல், ஒரு தட்டு விழும் சத்தம்.

"ஸ்கிப்பர் என்ன சொன்னாரு?" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு.

"எல்லாரும் கட்டிப்பிடிச்சாங்க."

"அது சரி, ஸ்கிப்பர் என்ன சொன்னாரு?"

"மார்னி, நெஃப்டாலி அழுதுட்டான்!"

"அவன் சோப்பு விளம்பரம் பாத்தாலே அழுவான். ஸ்கிப்பர் வாயால—"

அதற்குள் போன் கை மாறிவிட்டது. "ஏரிக்கரையா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. நாளைக்குச் சாயங்காலம் அங்க ஆட்டம்."

"சரி," என்றார். வைத்துவிட்டார். பின்னணியில் கார்ச் சாவி குலுங்கியது எனக்கு நன்றாகக் கேட்டது.

நான் திரும்பி வந்தபோது எங்களவர்கள் இரண்டு பேர் மைதானத்தில் இருந்தார்கள், மூன்றாவதாகப் போன டாசனும் அடித்து முதல் தளத்தில் நின்றிருந்தான். அப்போது ஸ்கிப்பர் படியேறிப் போய் அம்பயரிடம் எதையோ சொன்னார். பெஞ்சிலிருந்து ஒருவன் டாசனுக்குப் பதிலாக ஓடினான். டாசன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தான். நொண்டவில்லை. காயமில்லாதவன். ஆட்டத்தின் நடுவில்.

நெஃப்டாலி அவனைக் கட்டிப்பிடிக்கப் பாதி விரித்த கைகளோடு என்னைப் பார்த்தான், டாசனைப் பார்த்தான். கைகளை மடக்கவும் தெரியவில்லை, விரிக்கவும் தெரியவில்லை. சோளக்கொல்லை பொம்மை மாதிரி நின்றான். கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று டாசனையும் கட்டிப்பிடித்தான். மற்றவர்களும் பின்னால் வரிசையில் நின்றார்கள். அதே கைகள், அதே முதுகு அறைகள். என் வியர்வை இன்னும் காயாத சட்டைகள்.

"ஸ்கிப்பர்," என்றான் நெஃப்டாலி, "யாருக்கு அழணும்னு சொல்லிட்டா நல்லாருக்கும். ரெண்டு பேருக்குச் சேத்து அழற அளவுக்கு என்கிட்ட சரக்கு இல்ல."

ஸ்கிப்பர் சூயிங்கத்தை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "மேல இன்னும் முடிவு பண்ணல. ரெண்டு பேரையும் அடிபடாம வெச்சிருன்னாங்க, வெச்சிருக்கேன். இனிமே எவனாவது எவனையாவது கட்டிப்பிடிச்சீங்க, அபராதம்."

"அப்ப எங்ககிட்ட அவன் வாங்கினது?" என்று என்னைக் காட்டிக் கேட்டான் ஒருவன். "திருப்பிக் குடுக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் ஆட்டத்தில் ஒருவனை வெளியே எடுத்தால் எடுத்ததுதான்; திரும்ப உள்ளே விட முடியாது. டாசனை அம்பயரிடம் சொல்லி எடுத்தாயிற்று. என்னை எடுத்ததாக ஸ்கிப்பர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சட்டப்படி நான் ஆட்டத்தில் இருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். நான் கடைசி ஆள். போன இன்னிங்ஸ் என்னோடு முடிந்ததால் இந்த இன்னிங்ஸில் எனக்கு முன்னால் எட்டுப் பேர் அடிக்க வேண்டும். அதற்குள் மூன்று அவுட் விழுந்தால் பிழைத்தேன். விழாமல் என் முறை வந்தால், ஸ்கிப்பர் என்னைப் பந்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும், இல்லை எனக்குப் பதிலாக ஒருவனை அனுப்ப வேண்டும்.

அடுத்த பாதியில் எனக்குப் பதில் கேட்சராக உட்காரத் தயாராகிக்கொண்டிருந்தவன் கிளைட் ஹானமன். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் ஆடுகிறவன். மார்புக் கவசத்தைத் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்தான்.

"இதுக்கு முன்னாடி கேட்ச் பண்ணிருக்கியா?" என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல ரெண்டு தடவை. ஒரு தடவை மூக்கு உடைஞ்சுது."

"இன்னொரு தடவை?"

"அதே மூக்கு."

டாசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வேறு இடமே இல்லையா என்று பார்த்தேன். பெஞ்சில் பாதி காலி. எங்கள் இருவரையும் தனியாக விட்டுவிட்டு எல்லோரும் அந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தார்கள், அம்மை போட்டவர்களை விட்டு ஒதுங்குவது போல. அவன் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான். எடுத்துக்கொண்டேன்.

எங்கள் அணி வருடம் முழுக்கச் சேர்த்து வைத்த அதிர்ஷ்டத்தை அன்று ஒரே இன்னிங்ஸில் செலவழித்தது. நாலாவது ஆள் அடித்தான். ஐந்தாவது ஆள் அவுட். ஆறாவது ஆள் அடித்தான். ரன்கள் வந்துகொண்டே இருந்தன. ஜனங்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். ஆளுயர நீர்எலி வேஷம் போட்டவன் கூரை மேல் ஏறி ஆடினான். என் சொந்த அணி அவுட் ஆக வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக நான் வேண்டிக்கொண்டேன். எதிரணியார் பிட்சரை மாற்றினார்கள். அதில் கொஞ்ச நேரம் போனது.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"நீங்க பிடிக்கும்போது பிட்சருங்க சிரிக்கறாங்க. நான் பிடிக்கும்போது ஊசி போடப் போற மாதிரி நிக்கறாங்க. ஏன் சார்?"

"நான் ஜோக் சொல்லுவேன்."

"நானும் சொல்றேனே."

"உன் ஜோக்கை நான் கேட்டிருக்கேன்."

அவன் சிரித்தான். பிறகு மட்டையின் பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "வந்த நாள்லேர்ந்து உங்க மேல ஒரே பொறாமை சார் எனக்கு. நெஃப்டாலி ஆபத்துல மாட்டினா அவன் கண்ணு என்னைப் பாக்காது, பெஞ்சுல உங்களைத்தான் தேடும். தூக்கமே வராது எனக்கு."

நான் விதையின் தோலை விழுங்கிவிட்டேன். என் மேல் பொறாமை! பொறாமைப்படுவதையும் அவன் என்னைவிட நன்றாகச் செய்தான். நான் மாதக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறைத்து வைத்ததை, அவன் விதைத் தோல் துப்புகிற மாதிரி துப்பிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அப்படியா," என்றேன். "எனக்கு அந்த மாதிரியெல்லாம் ஒண்ணும் தோணினதில்லப்பா."

"தெரியும் சார். அதனாலதான் இன்னும் பொறாமை."

ஏழாவது ஆள் அவுட் ஆனான். இரண்டு போய்விட்டது, இன்னும் ஒன்று. எட்டாவது ஆள் உள்ளே போனான். எங்களவன் ஒருவன் மூன்றாவது தளத்தில் நின்றிருந்தான். அடுத்து ஆட வேண்டியவன் மைதானத்து ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் நின்று மட்டையைச் சுழற்ற வேண்டும். வட்டம் காலியாக இருந்தது. எட்டாவது ஆளுக்குப் பிட்சர் குறி தவறித் தவறி வீசினான். அம்பயர் முகமூடியைத் தூக்கிவிட்டு எங்கள் பக்கம் கத்தினார்: "அடுத்தது யாருப்பா? வருவானா, இல்ல சொல்லி அனுப்பணுமா?"

பின்நடையில் போன் அடித்தது.

ஸ்கிப்பர் போனார். எல்லோரும் அவரவர் ஷூவில் ஏதோ சுவாரசியமானதைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ஒரு ஷூ லேஸை நான் பார்த்ததில்லை. நல்ல முடிச்சுதான்.

ஸ்கிப்பர் திரும்பி வந்தார். சூயிங்கம் வாயில் இல்லை. என் முன்னால் வந்து நின்று, என் தலைக்கு மேல் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"ப்ரூ. மட்டையை எடு."

மேலே போகிறவனை யாரும் பந்துக்கு முன்னால் நிறுத்த மாட்டார்கள். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியதில்லை; சொல்லவும் இல்லை. கிளைட் ஹானமன் மட்டும் மார்புக் கவசத்தைக் கழற்றி முத்தம் கொடுத்தான்.

ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சும்மா இருந்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். "கவசத்தைக் கழட்டச் சொன்னீங்களே ஸ்கிப்பர், இப்பத்தான் கழட்டறேன்," என்றேன். குனிந்தேன். கால் கவசத்தின் கொக்கியில் விரல் நிற்கவில்லை. தினமும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிற கொக்கி.

டாசன் பெஞ்சிலிருந்து இறங்கி, என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். பிறகு நான் எடுத்த பிக்ஃபோர்ட் மட்டையை என் கையிலிருந்து வாங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தன்னுடைய கறுப்பு மட்டையைக் கொடுத்தான்.

"இதை எடுத்துட்டுப் போ, ப்ரூ," என்றான். சார் இல்லை.

மறுத்திருக்கலாம். ஆனால் பொறாமைக்காரனுக்கு அவ்வளவு தன்மானம் கிடையாது. ஏப்ரலிலிருந்து அந்த மட்டையைத் தொட்டுப் பார்க்க ஆசை.

நாலு பந்து குறி தவறியதில் எட்டாவது ஆளுக்கு இலவசமாக முதல் தளம் கிடைத்தது. நான் போனேன். முதல் பந்து வெளியே. இரண்டாவது பந்து நேராக என் விலாவைப் பார்த்து உள்ளே வந்தது. வீசினேன். மரம் முறிகிற சத்தம் கேட்டது. மட்டையின் தலை ஒரு பக்கம் பறந்தது. பந்து எழும்பலாமா வேண்டாமா என்று யோசித்து, நோஞ்சானாக எழும்பி, இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவில் புல்லில் சொத்தென்று விழுந்தது. மூன்றாவது தளத்துக்காரன் ஓடி வந்துவிட்டான். நானும் ஓடி முதல் தளத்தை மிதித்தேன். என் கையில் பிடி மட்டும் இருந்தது.

"நல்ல அடி," என்றார் அங்கே நின்ற எங்கள் பயிற்சியாளர், மரியாதைக்கு.

"மட்டை போச்சு."

"யாரோடது?"

"டாசனோடது."

"அப்ப ரொம்ப நல்ல அடி."

கைதட்டலுக்காக எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோருடைய முதுகும்தான் தெரிந்தது. அபராதத்தை மறந்து டாசனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள், இந்த முறை சந்தேகமில்லாமல். நெஃப்டாலி திரும்பவும் அழுதுகொண்டிருந்தான். சரக்கு இல்லை என்றது பொய். அந்தத் தோள்களுக்கு மேலே ஒரு தலை மட்டும் என்னைப் பார்த்தது. டாசன் என் கையிலிருந்த பிடியைக் காட்டி, பல் தெரியச் சிரித்தான். என் அடியைப் பார்த்த ஒரே ஆள் அவன். அதிலும் அவன்தான்.

ஆட்டம் முடிந்து உள்ளே போனபோது அவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். "வீட்டுல சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

"தப்பாச் சொல்லிட்டேன். முதல்ல கட்டிப்பிடிச்சப்பவே சொல்லிட்டேன். எங்கப்பா இந்நேரம் அயோவா எல்லையைத் தாண்டியிருப்பாரு."

மார்னியிடம் ஏற்கெனவே பேசியிருந்தேன். அவள், "சரி, வீட்டுக்கு வரும்போது நீ உடைச்ச அந்த மட்டைப் பிடியைக் கொண்டு வா. எனக்கு வேணும்," என்றாள். அப்பாவுக்கும் அவளே போன் செய்து விஷயத்தைச் சொன்னாளாம். அவர் சொன்ன பதில்: "டேங்க் ரொப்பியாச்சு."

டாசன் ஜிப்பை இழுத்தபடி சொன்னான்: "எங்கப்பாவும் அம்மாவும் வர்றாங்க. பக்கத்துல உங்கப்பாவுக்கு ஒரு சீட்டு வெச்சிடறேன்."

திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. நெஃப்டாலியின் அறையில் சோறும் அவரையும் தின்றுகொண்டு தொலைக்காட்சி பார்த்தோம். கணக்குப் போடுவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்றால், டாசனைப் பெஞ்சில் வைக்கவில்லை. முதல் நாளே கேட்சராக உட்கார வைத்துவிட்டார்கள். அவன் முதல் அடியை அடித்ததும் கேமரா அவன் பெற்றோரைக் காட்டியது. அந்த அம்மாள் அழுதாள், அந்த மனுஷர் அழுதார். அவர் பக்கத்தில் சோளவிதைக் கம்பெனித் தொப்பி போட்ட ஒருவர், கையில் கடித்த சாசேஜோடு, அழுகிற ஆண்பிள்ளையின் முதுகில் தயக்கமாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"டேய், அது உங்கப்பா!" என்று நெஃப்டாலி எழுந்து குதித்தான்.

எங்கள் குடும்பத்திலிருந்து மேலே போன முதல் ஆள்.

மறுநாள் காலையில் அவர் போன் செய்தார். "நல்ல பையன்," என்றார். "பல்லு ரொம்ப நல்லா இருக்கு."

"ம்."

"ஆனா குந்தறது சரியில்ல. ஆறாவது இன்னிங்ஸ்லயே எழுந்து எழுந்து நின்னான். நீ எழுந்துக்கவே மாட்டியே."

"நீங்க எங்கப்பா பாத்தீங்க?"

"மார்னி கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சிட்டுப் போவா. தினம் பாக்கறதுதான். நேத்து அவங்கப்பன்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். ஆட்டம் முழுக்கச் சொல்லிக்கிட்டே இருந்தேன், எம்புள்ள எப்படி உக்காருவான்னு. பாவம், கேட்டுக்கிட்டான்." கொஞ்சம் இருமினார். "இன்னிக்கு உங்க ஊர் வழியாத்தான் திரும்பறேன். ஆடறியா? இல்ல மறுபடி உக்கார வெச்சிடுவாங்களா?"

"ஆடறேம்பா. இப்ப இங்க கேட்சருன்னு நான் ஒருத்தன்தான்."

"சரி," என்றார். வைத்துவிட்டார்.

முழங்காலைத் தடவிப் பார்த்தேன். வலித்தது. ஆனால் பொறாமை டாசன் மேல் இல்லை. ஒரு முழு ஆட்டம் என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பற்றி அவர் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்த டெக்சஸ்கார மனுஷர் மேல்.